பென்சன் இல்லாத பாட்டுக்காரர்

1985 யூலை 13 — 35 டொலர்
1985 நவம்பர் 2 — 35 டொலர்
1986 ஓகஸ்ட் 9 — 60 டொலர்
1987 மே 23 — 60 டொலர்
1987 செப்ரெம்பர் 19 — இல்லை

ஒக்லாந்து நகரத்து மவுண்ட் ரோஸ்கிலில் யேசுராசாவின் வீட்டுப் பிறிஜ் கதவில் இந்தக் கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய ஒரே மகள் டோறின் ஒப்பரா என்ற மேல்நாட்டு இசைநாடக மேடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடி உழைத்த பணம் முழுவதும் அதில் இருந்தது. கடைசி வரியில் பணம் இல்லாததற்குக் காரணம் ஒரு தெனர். தெனர் என்றால் உச்சக் குரலில் காதலிக்கிற ஆண். அன்று நாயகனாகப் பாட வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர், கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, தொண்டை சரியில்லை, ஹோட்டல் அறையை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆட்டம் நின்றுபோயிற்று.

“ஒருத்தன் தும்மினதுக்கு எழுபது பேருக்குச் சம்பளம் இல்லை. எந்தக் கந்தோரிலை இப்பிடி நடக்கும்?” என்று யேசுராசா கேட்டார்.

அவர் கொழும்பில் ஓய்வூதியக் கந்தோரில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஊராருடைய பென்சனையெல்லாம் ஒரு சதம் பிசகாமல் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர், எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தன்னுடைய பென்சனை விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு ஓடி வந்தார். ஒக்லாந்தில் அவருக்குக் கிடைத்தது ஒடாஹுஹுவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிற வேலை. வேண்டுமென்றால் வரச் சொல்வார்கள், வேண்டாமென்றால் சொல்ல மாட்டார்கள். ஆகையால் ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் மேல் அவருக்கு இருந்த பக்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருந்த பக்தியைவிடக் கொஞ்சம் கூட.

டோறின் நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ரைப்பிஸ்ற். 1986 ஒக்ரோபர் முதலாம் திகதி அவளை நிரந்தரமாக்கினார்கள். யேசுராசா ஆட்டிறைச்சி வாங்கி நாற்பது பேருக்கு விருந்து வைத்தார். மகளுடைய கல்யாணத்துக்கு இதைவிடப் பெரிதாக என்ன செய்யப் போகிறார் என்று சனம் கேட்டது. பாட்டு சனிக்கிழமையோடு நிற்கிற வரைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவிலிருந்து அவளை ஒப்பராக்காரர் கூட்டிக்கொண்டு போனதைக்கூடப் பெருமையாகத்தான் கதைத்தார்.

1988 ஜனவரி 18ஆம் திகதி மெல்போணிலிருந்து டோறினுக்குக் கடிதம் வந்தது. அங்கே ஓர் ஒப்பராக் குழுவில் இரண்டு வருட ஒப்பந்தம். குழுப்பாட்டில் தொடங்கி, குரல் பிடித்தால் சிறு பாத்திரங்கள். மார்ச் 31க்கு முன் மறுமொழி வேண்டும்.

“இரண்டு வருசம் முடிய?” என்றார் யேசுராசா.

“முடிய, வேறை இடம் தேட வேணும் அப்பா. பெரிய பாட்டுக்காரர் எல்லாரும் அப்பிடித்தான்.”

“அப்ப பெரிய பாட்டுக்காரர் ஒருத்தருக்கும் வேலை இல்லை எண்டு சொல்லு.”

மனைவி சறோஜா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, நீங்கள் மன்னாரிலை விடிய விடிய நாட்டுக்கூத்திலை ராசா வேசம் கட்டி ஆடேல்லையோ? மூண்டு தரம் தலை வெட்டுப்பட்டனீங்கள்.”

“அது லீவு போட்டிட்டு ஆடினது,” என்றார் யேசுராசா.

எதையும் விசாரியாமல் மறுக்கிற மனிதர் அல்ல அவர். உலகத்து முன்னணி ஒப்பராப் பாடகர் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, ஆளுக்கொரு பைல் திறந்தார். நூலகத்துச் சஞ்சிகைகளிலும் இசைத்தட்டுகளின் பின்பக்கத்திலும் இருந்ததையெல்லாம் குறித்தெடுத்தார். கார்லோ வெந்துரெல்லி என்ற தெனரின் பைலில், ‘ஒரு வருடத்தில் பதினொரு நாள் சுகயீன லீவு. மருத்துவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை’ என்று எழுதினார். ஹில்டா பிரென்னர் என்ற பாடகியின் பைலில், ‘வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருட சேவைக்குப் பிறகும் பதினேழு வயதுப் பெண்ணாகவே நடிக்க விடப்பட்டிருக்கிறார். பதவி உயர்வு இல்லை’ என்று எழுதினார். வேறொருவர் ஒரே வருடத்தில் ஒன்பது நாடுகளில் பாடியிருந்தார். ‘அடிக்கடி இடமாற்றம். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாதவர் போலத் தெரிகிறது.’

பிறகு மகளிடம் ஒரு நிபந்தனை வைத்தார். இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது தன் வேலை நிரந்தரம் என்று கைப்பட எழுதித் தந்தால் அவள் மெல்போண் போகலாம்.

“எழுதித் தராட்டில்?”

“கந்தோர்.”

அப்பாவை மீறிப் போக டோறினுக்கு வயது இருந்தது, மனம் இல்லை. பாடகர்களுக்கான எட்டுக் கேள்விப் படிவத்தை அவளே தன் அலுவலக ரைப்றைற்றரில் அடித்தாள். நிரந்தரமாக்கப்பட்ட திகதி. நேரடி மேலதிகாரியின் பெயர். ஓய்வுபெறும் வயது. ஓய்வூதியம் உண்டா, இல்லையா. விதவைக்கு ஏதாவது கிடைக்குமா. இப்படி எட்டு.

பக்கத்து வீட்டு மகேசன் பஸ் ஓட்டுகிறவர். பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்தவர் படிவத்தை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அண்ணை, இஞ்சை அரசாங்கமே தன்ரை கந்தோருகளை ஒவ்வொண்டாக் கம்பனி ஆக்கிக்கொண்டிருக்கு. பேப்பர் பாக்கிறேல்லையோ?”

“நான் ஒப்பராப் பக்கம் மட்டும்தான் வெட்டிறனான்,” என்றார் யேசுராசா.

பெப்ரவரி முடிவதற்குள் ஏழு மறுமொழிகள் வந்தன. ஏழும் கையொப்பமிட்ட படங்கள். ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. வெந்துரெல்லியின் படத்தோடு அவருடைய முகவர், தெனர் தனியார் கல்யாண வீடுகளில் பாடுவதில்லை என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். சறோஜா படங்களில் நல்ல மீசைக்காரர் ஒருவரைத் தெரிந்தெடுத்து ஷோகேசில் வைத்தாள். “மாப்பிள்ளையோ?” என்று கேட்டவர்களுக்கு அவள் இல்லை என்று உடனே சொல்லவில்லை.

மார்ச் 8ஆம் திகதி ஹில்டா பிரென்னரின் கடிதம் வந்தது. கையால் எழுதிய நான்கு பக்கம். யேசுராசா எல்லோரையும் ஹோலில் இருத்தி, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்.

“நிரந்தரமாக்கப்பட்ட திகதி: ஒருநாளும் இல்லை. மேலதிகாரி: மூண்டு கிழமைக்கு ஒருத்தர். ஓய்வுபெறும் வயது: பத்திரிகைக்காரர் சொல்லும்போது. ஓய்வூதியம்: இல்லை.” அவருக்குக் குரல் ஏறிற்று. “இதைக் கேளுங்கோ. முழங்கால் நோகுதாம், மேல் சுரம் முந்திமாதிரி வருகுதில்லையாம். இருபத்தாறு வருசத்திலை பென்சனைப் பற்றி இவ்வளவு அக்கறையா விசாரிச்ச ஆள் நான் ஒருத்தன்தானாம். மிச்சக் காலத்துக்கு எவ்வளவு சேர்க்க வேணும் எண்டு என்னட்டை ஆலோசனை கேக்கிறா!”

உலகப் புகழ்பெற்ற பாடகி, மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கிற யேசுராசாவிடம் கேட்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டோறின் மெதுவாகக் கேட்டாள். “பாட வந்தது பிழை எண்டு எழுதியிருக்கிறாவோ அப்பா?”

யேசுராசா நான்கு பக்கத்தையும் மறுபடி புரட்டினார். “அந்தக் கேள்வி படிவத்திலை இல்லை.”

சொன்ன சொல் சொன்னதுதான். மிச்ச நாலு பேர் எழுதுவார்கள் என்று டோறினும் நம்பவில்லை. அன்று பின்னேரமே டோறின் மெல்போணுக்கு, வர முடியாது என்று நாலு வரி எழுதி, உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டினாள். அதன் பிறகு அவள் வீட்டில் பாடவில்லை. முன்பு பாத்திரம் கழுவும்போது பாடுவாள். இப்போது தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சறோஜா புருசனோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டு, மீசைக்காரரின் படத்தை நன்றாகத் துடைத்தாள்.

உறை அன்றே தபாலுக்குப் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணமும் யேசுராசாதான். பிரென்னருக்கான ஆலோசனையை அவர் அட்டவணை போட்டு எழுதத் தொடங்கியிருந்தார். இரண்டு கடிதத்தையும் ஒரே நடையில் கொண்டுபோய்ப் போடலாம் என்றார். அட்டவணை எட்டுப் பக்கத்துக்கு வளர்ந்தது. ‘ஒருவர் தம் பிள்ளைகளையாவது அரசாங்க உத்தியோகத்தில் அமர்த்துவதே பாதுகாப்பு. என் மகளை நான் அவ்வாறே செய்துள்ளேன்’ என்ற பந்தியைத் திருத்தித் திருத்தி எழுதியதில் மட்டும் இரண்டு நாள் போயிற்று.

அப்படியிருக்க ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டோறினின் பெயருக்கு அவளுடைய அலுவலகத்திலிருந்து நீள உறை ஒன்று வந்தது. சம்பள ஏற்றம் என்று நினைத்து யேசுராசா கத்தியால் ஓரத்தைச் சீராக வெட்டித் திறந்தார். அரச சேவை மறுசீரமைக்கப்படுவதால் அவளுடைய பதவி யூன் 30உடன் இல்லாமற் செய்யப்படுகிறது, இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருந்தது. அடியில் இருந்தது கையொப்பம்கூட இல்லை, இறப்பர் முத்திரை.

அன்று அவர் களஞ்சியத்துக்குப் போகவில்லை. போன் பண்ணி, சுகமில்லை என்று சொன்னார். மருத்துவச் சான்றிதழ் எடுக்கவில்லை. சறோஜா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கடிதத்தை வாசித்தாள். “தும்மலும் இல்லாமலே நிப்பாட்டிப் போட்டாங்கள்,” என்றாள்.

அவர் கேத்திலைக் கொதிக்க வைத்தார். மெல்போண் உறையை ஆவியில் பிடித்து, முத்திரையைப் பழுதில்லாமல் கழற்றி, உறையை நாலாகக் கிழித்தார். பிரென்னருக்கு எழுதியதன் முடிவில், ‘ஆறாம் பக்கத்தில் அரசாங்க உத்தியோகம் பற்றிய பந்தி நீக்கப்படுகிறது. மன்னிக்கவும்’ என்று சேர்த்தார்.

பின்னேரம் டோறின் வந்தாள். அவளுக்கும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். யேசுராசா வெள்ளைக் கடதாசியும் பேனையும் புதிய உறையும் எடுத்து வைத்திருந்தார்.

“எழுது.”

“என்னத்தை அப்பா?”

“மெல்போணுக்கு. ஓம் எண்டு.”

அவள் கதிரையில் இருந்தாள். பேனையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அங்கையும் நிரந்தரம் இல்லையே?”

“அவங்கள் அதை முதலே சொல்லிப்போட்டாங்கள்,” என்றார் யேசுராசா.

அவள் எழுதி முடிக்கும்வரை அவர் பக்கத்தில் நின்றார். கழற்றிய முத்திரையைப் பசை தடவி ஒட்டினார். டோறினுக்கும் ஒரு பைல் இருந்தது. அதில் ஒரே ஒரு பதிவு, நிரந்தரமாக்கப்பட்ட திகதி. அதன் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு கீறி, அலுவலகக் கடிதத்தை அதில் கோர்த்து, பெறப்பட்ட திகதியை எழுதினார்: 1988 மார்ச் 15.