கண்ணாடிக்குள் ஒரு வண்டு

கடைத்தெருவில் அவளுக்குத் தூசியம்மா என்றுதான் பெயர். படங்களுக்கு பிரேம் போடுகிற கடை அவர்களுடையது. கட்டை அறுப்பதும் கண்ணாடி வெட்டுவதும் கணவர்; படத்தை உள்ளே வைத்து மூடுவது அவள். கல்யாணமான புதிதில் பின்பக்கம் தாள் ஒட்டத்தான் உட்கார்ந்தாள். கணவர் மூடி முடித்த ஒரு கல்யாணப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "ஏங்க, மாப்பிள்ளை மூக்குல தூசி" என்று பிரிக்க வைத்தாள். அன்றிலிருந்து மூடுகிற வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்துக் கடைக்காரர் பேச வந்தால்கூட முதலில் அவர் சட்டையைத்தான் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகளோ வாயே திறக்காதவள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ம்." "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றால் அதற்கும் "ம்." மகன் வேலை வேலை என்று ஊர் சுற்றுகிறவன். வீட்டில் மாமியாரும் மருமகளும் விருந்தாளிகள் மாதிரி நடமாடினார்கள். "என்னை அவளுக்குப் பிடிக்கலைங்க" என்று கணவரிடம் புலம்பிப் புலம்பி மாய்ந்தாள்.

ஒருநாள் அந்தப் பெண்ணே கடைக்கு வந்து, சுருட்டிய தாள்களை மேஜைமேல் வைத்தாள். எல்லாம் காட்டுப் பூக்கள். எந்தக் காலத்திலோ யாரோ வரைந்து, இதழ் இதழாகக் கையால் வண்ணம் தீட்டிய படங்களின் அச்சு. வேர், விதை, இலை நரம்பு எதையும் விட்டுவைக்கவில்லை.

"முன்னறையில மாட்டலாமா அத்தை? நீங்களே போட்டுக் குடுக்கறீங்களா?"

அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. தூசியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதில் மட்டும் ஒரு குறை வரக்கூடாது என்று, கணவரைக்கூட மேஜைப் பக்கம் அண்டவிடாமல் வேலை செய்தாள்.

கடைசியாக ஒரு ஊதாப் பூ. மூடிவிட்டுச் சாய்த்துப் பார்த்தால், காம்பு ஓரத்தில் கறுப்பாக ஒரு துளி. பிரித்தாள், தூரிகையால் தட்டினாள், மூடினாள். அசைவேனா என்றது. மறுபடி பிரித்து ஊதினாள். அதற்கும் மசியவில்லை.

"பூச்சி மாதிரி தெரியுதே" என்றார், தள்ளி நின்று எட்டிப் பார்த்த கணவர்.

"பூச்சியா? என் கண்ணாடிக்குள்ளயா?"

ரோஷம் வந்துவிட்டது. பிளேடு முனையால் ஒரு சுரண்டு. கறுப்பு போயிற்று, கூடவே தாளும் பெயர்ந்து வந்தது. குனிந்து பார்த்தாள். மிச்சமிருந்தவை மயிர்போல இரண்டு கால்கள், அரைச் சிறகு. படம் வரைந்தவர் காம்பில் ஒரு வண்டையும் உட்காரவைத்திருந்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை காலமா உயிரோட இருந்த வண்டு. ஒரே சுரண்டுல முடிச்சிட்டியே" என்று சிரித்த கணவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினார். "விடு, பேனாவால ஒரு புள்ளி வச்சுடறேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

படத்தை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனாள். மருமகள் கதவருகிலேயே வாங்கிப் பார்த்தாள்.

"வண்டு எங்க அத்தை?"

"தூசின்னு நெனச்சு சுரண்டிட்டேம்மா. தெரியாம பண்ணிட்டேன்."

மருமகளின் உதடு துடித்தது. தோள் குலுங்கியது. போச்சு, அழப்போகிறாள் என்று தூசியம்மா படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். அவளோ தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாங்கற எடத்துல நானும் அந்த வண்டைத் தூசின்னு நெனச்சு நகத்தால சுரண்டினேன் அத்தை. கடைக்காரர் கன்னாபின்னான்னு திட்டினாரு. வெக்கமாப் போயி எல்லாப் படத்தையும் வாங்கிட்டேன்."

"நகத்தால சுரண்டினா எப்படி வரும்? பிளேடுல்ல வேணும்" என்றாள் மாமியார். இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "உங்ககிட்டப் பேசவே பயம் அத்தை. நான் உக்காந்து எழுந்ததும் நாற்காலியைத் தொடைப்பீங்க. என்னையும் தூசி மாதிரித்தான் நெனக்கறீங்களோன்னு இருந்துச்சு."

துடைத்தது தூசியம்மாவுக்கு ஞாபகம்கூட இல்லை. கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது.

"அசடு. இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று மருமகளைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டு, அன்று இன்னும் பெருக்காத தரையில் அவளும் உட்கார்ந்தாள்.