முன்பல்லும் மூன்று உருண்டைகளும்

எங்கள் அங்கன்வாடியில் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய பல்செட் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் பலாச்சுளை அளவுக்கு இருக்கும். திங்கட்கிழமைதோறும் அதை மேசைமேல் வைத்து, முழ நீளப் பிரஷ்ஷால் மேலும் கீழும் தேய்த்துக் காட்டுவேன். "காலைல ஒருக்கா, ராத்திரி படுக்கப் போறப்ப ஒருக்கா" என்று நான் சொல்ல, பதினாலு குழந்தைகளும் கத்திக்கொண்டே திருப்பிச் சொல்லும். இருபத்தாறு வருடமாக கேரள எல்லையில் எருத்தேன்பதிப் பக்கத்தில் இதே வேலை. அதைச் சொல்லிக்கொடுத்த என் வாய் இருந்த லட்சணத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தபோது வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். "பேஸ்ட்டை மாத்திப் பாரு" என்றார். உப்பு போட்டது, கிராம்பு போட்டது, கரி மாதிரி கறுப்பாக ஒன்று என்று எல்லாம் மாற்றிப் பார்த்தேன். துப்பினால் வருகிற சிவப்பு போகவில்லை. கடைசியில் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். தேய்த்தால்தானே ரத்தம் வருகிறது, தேய்க்காமல் விட்டால்? முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். ரத்தம் நின்ற மாதிரி இருந்தது. திங்கட்கிழமை டீச்சர் செய்த காரியம் இது.

நின்றது ரத்தம்தான், மற்றதெல்லாம் உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஐந்து வயதுப் பெண் ஒருத்திக்குக் குனிந்து தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, "டீச்சர், உங்க வாய் நாறுதுங்க" என்றாள். மரியாதைக்கு ஒரு 'ங்க' வேறு. சமையலும் சுத்தமும் பார்க்கிற ஹெல்பர் பெண் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து மாஸ்க் போட்டேன். ஊரே கொரோனாவை மறந்து மாஸ்க்கைத் தூக்கிப் போட்ட பிறகு நான் புதிதாகப் போட்டுக்கொண்டேன். "டீச்சருக்குக் குழந்தைங்க மேல என்ன அக்கறைங்க!" என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மேல்வரிசை முன்பல் இரண்டும் நாக்கு பட்டாலே ஆடத் தொடங்கிய பிறகுதான் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறிப் பல் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயது மலையாளப் பெண். என் வாய்க்குள் லைட்டைப் போட்டாள், கம்பியால் ஈறைத் தொட்டாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "சேச்சிக்கு ஷுகர் உண்டா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல்லைக் காட்ட வந்தால் சர்க்கரையைக் கேட்கிறாளே! "இருக்குதுங்க. ஆறு வருசமா மாத்திரை சாப்புடறேன். கண்ட்ரோல்லதான் இருக்குது" என்று சர்க்கரை அளவு எழுதுகிற நோட்டை எடுத்து நீட்டினேன்.

நோட்டில் எல்லாம் நல்ல நம்பர்தான். அது எப்படி வந்தது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சப்சென்டரில் சர்க்கரை பார்க்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து தெருவிலிருக்கிற சர்க்கரைக்காரர்கள் நாங்கள் யாரும் சோற்றைத் தொடமாட்டோம். கோதுமை தோசை, பாகற்காய், சாயங்காலம் வாய்க்கால் கரையில் வேகு வேகென்று நடை. மறக்காமல் மாத்திரை. ரத்தம் கொடுத்து, நர்ஸ் வாயால் "வெரிகுட்" வாங்கிவிட்டு நேராக டீக்கடைக்குப் போய்ச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. நாங்கள் ஏமாற்றியது யாரை என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

டாக்டர் நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு ஒரு டெஸ்ட்டுக்கு எழுதினாள். ரிசல்ட் பத்தரை என்று வந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். "இது மூணு மாசத்தோட கணக்காக்கும் சேச்சி. ரெண்டு நாள் பட்டினி இதுல செல்லாது" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஈறில் வந்த புண் ஆறாது. ஈறு புண்ணாகவே கிடந்தால் சர்க்கரையும் லேசில் இறங்காது. பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்துகொண்டே போகும். வாய் வேறு, உடம்பு வேறு என்று நினைக்காதீர்கள் என்றாள். ரத்தம் வருகிற இடத்தில்தான் பிரஷ் படவேண்டும், மெதுவாக, ஆனால் விடாமல். "சர்க்கரையைக் கொறைச்சிட்டு வந்தா அந்த ரெண்டு பல்லையும் நிறுத்தப் பாக்கலாம். இல்லேன்னா போகும்."

நான்கு தடவை போய் ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு. மிருதுவான பிரஷ், இருவேளை. சோறு ஒரு கரண்டியாகக் குறைந்தது. டீயில் சர்க்கரை நின்றது. நாற்றம் குறைந்தது, ரத்தமும் குறைந்தது. பரவாயில்லையே என்று எனக்கே நம்பிக்கை வந்தது. என்ன இருந்தாலும் முன்பல். பொக்கை வாயோடு தாய்மார் கூட்டத்தில் எழுந்து நின்று சத்துணவைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

உருண்டை விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுப்போம். வறுத்த மாவில் வெல்லப்பாகு ஊற்றி ஹெல்பர் பெண் கையால் பிடிப்பாள். "எத்தனை உருட்டட்டுங்க டீச்சர்?" என்று முதல் நாளே கேட்டுக்கொள்வாள். "பதினேழு உருட்டு அம்மிணி. யாராச்சும் வந்தா வேணும்" என்பேன். யாரும் வருவதில்லை. மூன்று உருண்டை தூக்குப் பாத்திரத்தில் மிஞ்சும். இரண்டு மணிக்குக் குழந்தைகள் பாயில் தூங்கும்போது, எடையும் உயரமும் போனில் ஏற்றி, அது சுற்றிச் சுற்றி நின்று, திரும்ப ஏற்றி, ரெஜிஸ்டரில் மலையாளத்தில் எழுதி முடிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். அப்போது மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு மூன்றையும் தின்பேன். நாள் முழுக்க எனக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான். அதையும் விடச் சொன்னால் எப்படி என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு.

"டீச்சர், அது வெல்லமுங்க" என்று ஒருநாள் அவள் மெல்லச் சொன்னாள்.

"சத்துமாவு அம்மிணி அது. குழந்தைங்க திங்கறது. எறிஞ்சா பாவம்" என்று அவள் வாயை அடைத்தேன். மிஞ்சினால்தானே எறிவது? மிஞ்ச வைத்ததே நான்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொன்ன மூன்றாவது மாசம் முடிய நாலு நாள் இருந்தது. இரண்டு மணி. இரண்டாவது உருண்டையைக் கடித்தேன். கடிக்கவே தேவையில்லாத, வாயில் போட்டால் கரைகிற உருண்டை. ஏதோ கல் மாதிரி நாக்கில் தட்டியது. கையில் துப்பிப் பார்த்தால் மாவுக்கு நடுவில் என் பல். நீளமாக, வேரோடு. பெரிதாக வலிக்கவில்லை. ஹெல்பர் பெண் ஓடி வந்து பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். "சொன்னேனுங்களே" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் அழுதேன், குழந்தைகள் விழித்துவிடாமல்.

டெஸ்ட் ஒன்பதே முக்கால் என்று வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கு சேச்சி. அது எத்தனை நாள்னு உங்க கையில" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை மாஸ்க் போடவில்லை. பெரிய தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. ஒளித்து வைப்பதும் ஒரு வேலைதான், அதையும் சேர்த்துச் செய்யத் தெம்பில்லை. பிளாஸ்டிக் பல்செட்டை எடுத்து வைத்து வாயைத் திறந்ததும் எல்லாக் கண்ணும் என் வாயில். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே பெண், "பல்லு எங்கீங்க டீச்சர்?" என்றாள்.

"விழுந்துருச்சு சாமி."

பதினொரு மணிக்கு உருண்டை கொடுத்தபோது, அவள் தன்னுடையதைப் பாதியாகப் பிட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "இந்தாங்க. மெத்துன்னு இருக்குதுங்க. பல்லு இல்லாட்டியும் திங்கலாம்" என்று என் கையில் வைத்தாள்.

விரலில் வெல்லம் ஒட்டியது. வாசனை மூக்கில் ஏறியது. வாய் ஊறியது, மானங்கெட்ட வாய். அடுக்களை வாசலில் ஹெல்பர் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சருக்குச் சக்கரை வியாதி இருக்குது கண்ணு. தின்னாத்தான் பல்லு விழுகும். நீ தின்னு" என்றேன். அந்த அறையில் சத்தமாக அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரிங்க" என்று வாங்கி இரண்டு பாதியையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது ஹெல்பர் பெண் பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நாளைக்கு எத்தனை உருட்டட்டுங்க டீச்சர்?"

"பதினாலு."

"சரிங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கால் தன்பாட்டுக்கு அடுக்களைக்குப் போனது. தூக்குப் பாத்திரத்தைத் திறந்தேன். கழுவித் துடைத்துக் காலியாக வைத்திருந்தது. மூடிவிட்டு வந்து ரெஜிஸ்டரை எடுத்தேன். பசித்தது. ஆடுகிற அந்த ஒற்றைப் பல்லில் நாக்கை வைத்துக்கொண்டு, அங்கன்வாடி விடுகிற மூன்றரை மணி எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.