வெளுத்த இறால் ஓடுகள்

ரிங்கிட்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டில் நான் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு ஆசிரியைகளோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, பல்கலைக்கழக ஆய்வுக்கூடமொன்றில் முதுகலைப் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தேன். கொசுவால் பரவும் டிங்கிக் காய்ச்சலுக்கு மரபணுத் தடுப்பூசி செய்ய முடியுமா என்பது எங்கள் கேள்வி. வைரஸைச் செலுத்தாமல், அதன் மேலுறையை உருவாக்கும் மரபணுவை மட்டும் செலுத்தினால், உடலே அந்த உறையைச் செய்து பார்த்து அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். ஆனால் வெறும் மரபணு உடலுக்குள் போனதும் சிதைந்துவிடும். அதைப் பொதிந்து கொண்டுபோக ஒரு பொருள் வேண்டும். இறக்குமதிப் பொருள்களுக்கு எங்கள் மானியம் போதாது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற இழைப்பொருளைப் பயன்படுத்துவோம் என்று என் ஆய்வு மேற்பார்வையாளர் முடிவெடுத்தார். நம் கடலோரக் குப்பையிலிருந்தே நம் குழந்தைகளுக்கான மருந்து என்று மானிய விண்ணப்பத்தில் நான் எழுதினேன். அந்த வரியில் எனக்குப் பெருமை இருந்தது.

ஓடு தேடிக் கிள்ளான் பாசாருக்கு, மீன் சந்தைக்குப் போனேன். மீன்கடைக்காரர்கள் சிரித்தார்கள். யூனிவர்சிட்டி வரைக்கும் படித்துவிட்டுக் குப்பைக்கு வந்து நிற்குது லா என்று ஒருவர் பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படியே சொன்னார். கடைக்குப் பின்னால் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்காமல், எதற்கு என்று கேட்டார். டிங்கி என்றதும் அவர் கை நின்றது.

முந்தைய ஆண்டுதான் அவருடைய மகள் இறந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். அவரும் ஊற்றி, ரசஞ்சோறு கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தானது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதால்தான் மகள் போனாள் என்று அவர் நம்பினார். அப்படியில்லை என்று நான் பலமுறை விளக்கினேன். தலையசைப்பார், அவ்வளவுதான்.

அன்று முதல் வாரந்தோறும் ஒரு பை ஓடு எனக்காகக் காத்திருக்கும்.

முதல் சோதனையில், ஊசி போட்ட சுண்டெலிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது. சோதனைத் தட்டின் குழிகளில் அதைக் காட்டும் மஞ்சள் நிறம் ஏறியதைப் பார்த்து எப்போதும் சிரிக்காத மேற்பார்வையாளர் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். மானியக் குழு ஒரே ஒரு நிபந்தனை விதித்தது. இதே முடிவை இன்னொரு முறை காட்டினால் மேலும் மூன்றாண்டு மானியம். இல்லையேல் ஆய்வு மூடப்படும். நான் அடக்கமாக இருந்திருக்க வேண்டும். நேரே கிள்ளானுக்குப் போய், நல்ல முடிவு வந்திருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பாசார் முழுவதும் சொன்னார். குப்பை என்று கேலி பேசியவர்கள்கூட ஊசி எப்போது வரும் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அதன்பின் வந்த ஓடுகள் வெள்ளையாக, நாற்றமில்லாமல் இருந்தன. பேருந்தில் இனி யாரும் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தமாட்டார்கள் என்று மகிழ்ந்தேனே தவிர, காரணம் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் கைட்டோசான் கரைசலின் கெட்டித்தன்மையை அளக்க வேண்டும் என்பது விதி. அதே பாசார், அதே கை, அதே இறால் என்று எண்ணி நான் அளக்காமல் விட்டேன்.

இரண்டாம் சோதனையில் ஒரு குழியிலும் மஞ்சள் ஏறவில்லை. மிச்சமிருந்த இரத்தத்தை வைத்து மறுபடி செய்தேன், அப்போதும் இல்லை. பிறகுதான் கரைசலை அளந்தேன். கஞ்சிபோல் நிற்க வேண்டியது தண்ணீராக ஓடியது. அதன் இழைகள் துண்டுதுண்டாகியிருந்தன. மரபணுவைப் பற்றிக்கொள்ளும் வலு அதற்கில்லை.

மறுநாளே கிள்ளானுக்குப் போனேன். அக்காவின் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொட்டி இருந்தது. அதில் ஓடுகள், வெளுப்பதோடு இழைகளையும் அறுத்துவிடும் பிளீச்சில் ஊறிக்கொண்டிருந்தன.

“நாத்தத்தோட குடுக்க எனக்கே கூச்சமா இருந்திச்சு மா. ஊசில போற சாமான். சுத்தமா இருக்கணும்ல?”

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“நல்லா வந்திருக்குன்னு நீ சொன்ன இல்ல, அன்னிலருந்து.”

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். காரணம் தெரிந்துவிட்டது, இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம் என்று மேற்பார்வையாளரிடம் மன்றாடினேன். சுண்டெலி வாங்கக்கூடப் பணமில்லை, குழு கோப்பை மூடிவிட்டது என்றார். பிறகு, ஏன் அளக்கவில்லை என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அக்காவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. பேருந்தில் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிளீச்தான் கெடுத்தது என்று சொன்னால், தன் கையால் விளைந்த இரண்டாவது கேடு என்று அவர் எடுத்துக்கொள்வார். சொல்லாவிட்டால், வராத ஊசிக்காக ஓடு சேர்த்துக்கொண்டே இருப்பார். பணம் நின்றுவிட்டது, ஆய்வை மூடிவிட்டார்கள் என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

“பணத்த விடு. மருந்து வேல செஞ்சிச்சா இல்லியா?”

“மொத தடவ செஞ்சிச்சுக்கா. ரெண்டாவது தடவ செய்யல. தப்பு என்னோடது. அளந்து பாக்க வேண்டியத பாக்கல.”

“ஓட்டுல ஒண்ணும் கொறையில்லியே?”

“இல்லக்கா.”

அவர் கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தார். ஆறுதலடைவார் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப நீ ஒழுங்கா செஞ்சிருந்தா வந்திருக்கும்.”

“வந்திருக்கலாம்.”

“ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இவ்ளோ படிச்சி என்னத்துக்கு மா?” குரல் உயரவேயில்லை. “இனிமே இங்க வராத.”

தொட்டியைச் சாய்த்து, ஊறிய ஓடுகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு உரிப்பதைத் தொடர்ந்தார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. பிளீச்சை மட்டும்தான் நான் மறைத்தேன். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டது முழு உண்மை. அளந்திருந்தால் வெளுத்த ஓடு வந்த முதல் பையிலேயே தெரிந்திருக்கும். எனக்குப் பட்டம் கிடைத்தது. முதல் முடிவை மீண்டும் பெற இயலவில்லை என்ற வாக்கியத்தோடு என் ஆய்வேடு முடிகிறது. அந்த ஒருமுறை ஏறிய மஞ்சள் மெய்தானா, தற்செயலா என்று அதற்குப் பின் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.