விழுங்காத மதிய மாத்திரை

முதலில் தாழ்ந்தது வலது கண்ணிமை. தலைநகரின் ஆர்.கே.புரத்தில், தமிழர் கூட்டமொன்றில், ஒரு மாலை நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். நான் நின்றபடியே உறங்குவதாக எண்ணி முன்வரிசையினர் சிரித்தனர். நானும் சிரித்தேன். உரையின் கடைசி வரிகள் மூக்கால் பேசியவைபோல் ஒலித்தன.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு இடும் கட்டளை தசையைச் சரிவர எட்டாததால், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோகும் நோய்). உறங்கி எழுந்த உடல் காலையில் ஏறக்குறைய நலமாயிருக்கும். பொழுது சாயச் சாய இமையும் தாடையும் கழுத்தும் தளரும். மாத்திரை சில மணி நேரம் தாங்கிப் பிடிக்கும்.

இந்நோயுடன் வாழ்வோர்க்குப் பயன்படட்டும் என்று வலைப்பூவில் எழுதலானேன். கல்லூரி வாயிலை மிதித்தவனல்லேன். எழுதி எழுதியே எழுதக் கற்றேன். வந்த மறுமொழிகள் ஆறுதலளித்தன. பின்னர் பெயரில்லாத ஒருவர் வந்தார்.

"காலையில் இல்லாத வியாதி சாயங்காலம் மட்டும் வருமா?" என்று கேட்டார். பொறுமையாக விளக்கினேன். மறுநாள், "இன்று பால் பாக்கெட்டோடு நன்றாகத்தானே நடந்தீர்கள்? பச்சைச் சட்டை எடுப்பாக இருந்தது" என்று எழுதினார்.

அன்று நான் அணிந்திருந்தது பச்சைச் சட்டைதான்.

மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு எதிரே வரிசை வரிசையாகச் சன்னல்கள். எதிலிருந்து அவர் பார்க்கிறார் என்று தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டேன். காலையில் நலமாக நடப்பதற்கே அஞ்சினேன்; கீழே இறங்கினால் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். நடிக்கவில்லை என்று காட்டுவதற்காக நடிக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த மறுமொழிகளையெல்லாம் என் மகனும் படித்திருக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. மார்னிங் நல்லாத்தான இருக்கீங்க? டென்ஷன்ல வர்றதா இருக்குமோ?"

என் மனைவி குறுக்கிட்டாள். "போடா. இவருக்கு நடிக்கத் தெரிஞ்சிருந்தா கல்யாண ஆல்பத்துல அப்படியா முழிச்சுக்கிட்டு நிப்பாரு?"

மகன் சிரித்தான். என் முகத்தசை சிரிப்புக்கு இடந்தரவில்லை.

அடுத்த நாள் மதிய மாத்திரையை விழுங்கவில்லை. "மாத்திரை போட்டாச்சா?" என்று அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு ஆமென்று தலையசைத்தேன். அறையைத் தாழிட்டுக் கைப்பேசியை எதிரே நிறுத்தினேன். "அன்பர்களே, இன்று நான் மதிய மாத்திரையை உட்கொள்ளவில்லை. நோய் வருவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்களாக" என்று தொடங்கி, என் கட்டுரையொன்றை உரக்க வாசித்தேன்.

இமை தாழ்ந்தது. சொற்கள் குழைந்தன. தலை நிற்காமல் மோவாயைக் கையால் தாங்கினேன். தளரத் தளர எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறேன்.

பிறகு எச்சில் இறங்கவில்லை. கூப்பிட முயன்றேன், குரல் எழவில்லை. நாற்காலியைச் சாய்த்துத் தள்ளினேன். எழுந்து தாழை விலக்கியதுவரை நினைவிருக்கிறது.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர், "தவாயீ லீ தீ க்யா?" (மருந்து எடுத்துக்கொண்டாரா?) என்று இந்தியில் கேட்டார். மருந்து குறைந்தாலும் மூச்சுத் தசை தளரும், மிகுந்தாலும் தளரும். எதுவென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"லியா, லியா, டாக்டர் சாப்!" என்று, எடுத்துக்கொண்டதாகவே அடித்துச் சொன்னாள் மனைவி.

நான் தலையை அசைத்து மறுத்தேன்.

"பயத்துல என்னவோ பண்றாரு. போட்டாருடா, எங்கிட்டச் சொன்னாரு" என்று மகனிடம் அழுதாள்.

மீண்டும் மறுத்தேன். மருத்துவர் அவளைத்தான் பார்த்தார். மூச்சு மேல்மார்பிலேயே நின்றது. மகன் கையிலிருந்த என் கைப்பேசியை நோக்கி விரலை உயர்த்தினேன். எத்தனை முறை உயர்த்தினேனோ, அறியேன். ஒருவழியாக அவன் அதைத் திறந்தான். ஊரார் காண்பதற்கென எடுத்த காணொளியை அவனும் மருத்துவரும் மட்டுமே கண்டனர், அதுவும் முதல் வரிவரைதான். அவ்வரியை மகன் இந்தியில் சொன்ன உடனே தொண்டைக்குள் குழாய் இறங்கியது (செயற்கைச் சுவாசத்துக்காக).

குழாய் எடுக்கப்பட்ட பின், "வீடியோவ போஸ்ட் பண்ணட்டுமா அப்பா?" என்று என் முகத்தைப் பாராமல் மகன் கேட்டான். வேண்டாமென்றேன். வலைப்பூவில் அந்தப் பெயரில்லாதவரின் புதிய வரி காத்திருந்தது: "சில நாளாக ஆளைக் காணோம். குணமாகிவிட்டதோ?"

இதே நோயுடன் இதைப் படிப்பவரை ஒன்றே கேட்டுக்கொள்கிறேன். எவர் நம்பாவிடினும் வேளை தவறாமல் மாத்திரையை விழுங்குங்கள்.

இப்போது விழுங்கியபின், "ஆ காட்டுங்க. நாக்கத் தூக்குங்க" என்று மனைவி பார்க்கிறாள். அவள்மேல் குறையில்லை.

சில மாலைகளில் மூச்சு குறைவதுபோல் தோன்றும். சொன்னால், "நெசமாவா?" என்கிறாள். பதில் சொல்லுமுன் நானும் என்னையே அவ்வாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் விடை உடனே கிடைக்கும். அண்மைக்காலமாகத் தாமதமாகிறது. அவள் என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள்.