தலைவரின் முக்கால் மில்லிமீட்டர்

நஸ்ருன்னிசா அக்கா எங்கள் சங்கத்துக்கு முதன்முதலாக வந்தது ரயில் பார்க்க அல்ல, புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்க.

அவர் புருஷன் மெஹபூப் அலி பாய்க்கு ராயப்பேட்டையில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. வாரத்தில் ஆறு நாள் உம்மென்று இருக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கேயோ போய்விட்டு, சாயங்காலம் கையில் பசை வாசனையும் முகத்தில் சிரிப்புமாக வீடு திரும்புவார். "ஒரு ஆம்பள ஞாயித்துக்கிழம வெளிய போய்ட்டு சிரிச்சிகினே வூட்டுக்கு வந்தா இன்னா அர்த்தம்? நீயே சொல்லு ஜவஹரு" என்று அக்கா பின்னாளில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்படி ஒரு ஞாயிறு, ஆட்டோ பிடித்து பாயின் ஸ்கூட்டர் பின்னாலேயே வந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் பஞ்சாட்சரம் வீட்டு மாடிப்படி ஏறி, தகரக் கொட்டகையின் கதவைத் தள்ளினார். உள்ளே ஒன்பது ஆம்பிளைகள் வியர்த்து வழிய ஒரு பெரிய மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். மேஜை மேல் தண்டவாளம், பாலம், ஒரு ஸ்டேஷன். சாண் நீளப் பெட்டிகளோடு ஒரு ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. பாய் பாதிக் கைக்குட்டை அளவில் ஒரு பச்சைக் கொடியை ஆட்டியபடி வாயால் 'கூ' என்று ஊதிக்கொண்டிருந்தார்.

சத்தம் போடத்தான் அக்கா வாயைத் திறந்தாராம். அதற்குள் ரயில் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது.

"நான் ஒரு தபா ஓட்டலாமா?" என்றார்.

"மெம்பர் மட்டும்தான்மா ஓட்டலாம்" என்றார் எங்கள் தலைவர் துரைராஜ்.

"அப்ப நானும் மெம்பர் ஆவுறேன்."

"பார்க்கலாம்மா."

நம் ஊரில் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி யாரும் உருப்பட்டதில்லை. அக்கா நம்பினார். அன்றிலிருந்து இரண்டு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் வந்தார்.

துரைராஜ் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடையில் அவர் உட்காரும் கல்லா உயரத்தில் இருக்கும், படி ஏறித்தான் போக வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, சங்கத்திலும் அவருக்கென்று ஓர் உயரமான ஸ்டூல். ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு வைத்த டப்பாவுக்கு கன்ட்ரோலர் என்று பெயர். அது எந்நேரமும் அவர் மடியில்தான் இருக்கும். பெண் என்பதால் அக்காவைத் தடுத்தார் என்று யாராவது சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் யாருக்குமே கொடுக்க மாட்டார். சந்தா கட்டிய நாங்களே அவர் பாத்ரூம் போகும் நேரம் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். செயலாளரான எனக்கும் அதே கதிதான். அடையாறில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் கிடைத்த பதவி அது, சங்கத்துக்கு நோட்டீஸ் இலவசம்.

அண்ணனுக்கு இன்னொரு வெறி, அளவு. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது எங்கள் மேஜையில் ஓர் அடி இருக்க வேண்டும். இதில் தாட்சண்யமே கிடையாது. பஞ்சாட்சரம் ஆசையாகச் செய்து வைத்த தென்னை மரத்தை ஸ்கேலால் அளந்து, "இந்தக் கணக்குக்கு இது நூத்தி இருபது அடி மரம். இதுல காய் பறிக்க எவன்யா ஏறுவான்?" என்று வேரோடு பிடுங்கிப் போட்டார். வீட்டுக்காரன், மாடியை வாடகையில்லாமல் கொடுத்தவன் என்று கூடப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு ராயப்பேட்டை சந்து ஒன்றில் பிளவுஸ் தைக்கும் கடை. நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். கல்யாண பிளவுஸ் என்றால் மயிலாப்பூரிலிருந்தும் பெசன்ட் நகரிலிருந்தும் வருவார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் டேப்பில் வந்த அளவுதான் துணியில் ஏறும். ஒரு மாமி போன வருஷ அளவுக்கே தைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தபோது, "போன வருசத்து ஒடம்ப இட்டுகினு வாங்க, தச்சித் தரேன்" என்று துணியை மடித்துக் கையில் கொடுத்துவிட்டவர். அந்த மாமி கோபித்துக்கொண்டு போய், ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

இப்படிப்பட்டவர் ஏன் ஒரு பொம்மை ரயிலுக்காக இரண்டு வருஷம் காத்துக்கிடந்தார் என்று நானே ஒரு தடவை கேட்டேன்.

"பதினெட்டு வயசுலேர்ந்து மெஷின் ஓட்டுறேன் ஜவஹரு. நாள் பூரா ஓடுது, ஆனா வெச்ச எடத்துலயே கீது. ஸ்கூட்டர்னா அவரு ஓட்டுவாரு, நான் பின்னால குந்திகினு போவேன். இது நான் திருகுனா போவும், நான் சொன்னா வரும். ஒரே ஒரு ரவுண்டு. அவ்ளோதான் கேக்குறேன்."

நான் என்றால் அப்போதே கொடுத்திருப்பேன். ஆனால் கன்ட்ரோலர் என் மடியில் இல்லையே.

இந்த மார்கழியில் நந்தனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி என்று அழைப்பு வந்தது. மார்கழியில் மண்டபங்கள் காற்றுதானே வாங்குகின்றன. "ஆளே இல்லாத பிளாட்பாரம் பந்த் அன்னைக்கு மாதிரி இருக்கு" என்றார் துரைராஜ் அண்ணன். "ஜனம் வேணும். வேற யாரையோ எதுக்கு வைக்கணும்? நாமளே நிப்போம். ஒன்பது மெம்பரும், எண்பத்தேழுல ஒரு பங்கு, அச்சு அசலா." பொம்மை செய்கிற பொறுப்பு அக்காவுக்கு. மெம்பர் ஆகாவிட்டால் என்ன, வேலை செய்யலாமே!

அடுத்த ஞாயிறு அக்கா இஞ்சி டேப்போடு வந்தார். ஒவ்வொருவராகச் சுவரோரம் நின்றோம். வயிற்றை எக்கியவர்களுக்கு ஒரு குத்து விழுந்தது. "ஒனக்கு எவ்ளோ கீதோ அவ்ளோதான் வெப்பேன், மூச்ச வுடு" என்றார் என்னிடம். துரைராஜ் அண்ணன் மட்டும் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை.

"அஞ்சு ஏழு. போட்டுக்கோம்மா."

"எறங்கி வாங்கண்ணே."

"அதான் சொல்றேனே."

"எல்லாரும் சொல்லத்தான் செய்றாங்க. எறங்குங்க."

இறங்கினார். சுவரோரம் நின்றார். முகத்தில் ஒரு கம்பீரம். அக்கா குனிந்து பார்த்தார். "குதிகால கீழ வெய்யுங்கண்ணே." குதிகால் தரைக்கு வந்தது.

அக்காவிடம் ஒரு தொழில் பழக்கம் உண்டு. கடையில் இவர் அளந்து எண்ணைச் சொல்லச் சொல்ல, மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் எழுதிக்கொள்வாள். அதனால் எண் என்றாலே கத்தித்தான் வரும். "அஞ்சு நாலு!" என்று கத்தினார். கீழே தெருவில் கீரை விற்றுக்கொண்டு போனவர் அண்ணாந்து பார்த்தார்.

பொம்மைகள் தயாராகி வந்தபோது அசந்துபோனோம். செப்புக் கம்பியில் நூல் சுற்றி, பிளவுஸ் வெட்டிய துண்டில் சட்டை போட்டு, தலைக்குக் கடுகு. எனக்கு மட்டும் மஞ்சள் கடுகு. ஏன் என்று என் மண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சாட்சரத்தின் லுங்கியில் கட்டம்கூட இருந்தது. துரைராஜ் அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பிளாட்பாரத்தில் பஞ்சாட்சரத்துக்குப் பக்கத்தில் தான் நிற்பதைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலைவலி என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேரும் ஆசைதீர ரயில் ஓட்டினோம் என்பது வேறு விஷயம்.

இரண்டு நாள் கழித்து அவர் அக்காவின் கடைக்கே வந்துவிட்டார். கையில் எவர்சில்வர் டிபன் கேரியர், புத்தம் புதுசு. அங்கே நடந்ததை அக்கா இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியதால் நான் நேரில் பார்த்த மாதிரியே சொல்ல முடியும்.

"ஏம்மா, மூணு இஞ்சுக்கு எண்பத்தேழுல ஒரு பங்குன்னா எவ்வளவு? முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒரு நகத்தோட கனம். யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாதுன்னா எதுக்குண்ணே கேக்குறீங்க?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து மெஷின் மேல் வைத்தார். மெம்பர் கார்டு. நான் அச்சடித்ததுதான், யாருக்கு என்று என்னிடம் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதில் 'நஸ்ருன்னிசா' என்று தன் கையால் எழுதியிருந்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"நீ அத முடி, நான் இத முடிக்கிறேன்."

நாலு மெஷினும் நின்றுவிட்டன. தற்செயலாக அங்கே இருந்த பாய், "போட்டுக் குடுத்துடேன் நஸ்ரு, ஒரு நகம்தானே" என்றாராம். அக்கா பார்த்த பார்வையில் பாய்க்கு மிக்சிக் கடையில் அவசர வேலை வந்துவிட்டது.

அக்கா கார்டைக் கையில் எடுத்தார். தன் பேரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் துரைராஜ் அண்ணன் பக்கம் தள்ளினார்.

"இன்னிக்கு ஒங்களுக்கு ஒரு நகம் குடுத்தா, நாளைக்கு பெசன்ட் நகர் மாமிக்கு ரெண்டு இஞ்சி குடுக்கணும். அப்பறம் எனக்கு இன்னாத்துக்குண்ணே டேப்பு?"

அவர் கார்டையும் கேரியரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு அக்கா அழுதிருக்கிறார். "கார்டுக்காகத்தான் அழுதேன்" என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "அந்தாளுக்காக இல்ல. கேரியருக்காகவும் இல்ல."

கண்காட்சி நாள். மண்டபத்தில் எந்தக் கூட்டமும் எங்கள் மேஜைக் கூட்டத்துக்கு ஈடில்லை. பிள்ளைகள் முதல் வரிசையில் மோவாயை மேஜையில் வைத்து நின்றார்கள். துரைராஜ் அண்ணன் ஸ்டூலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தற்செயலாக பிளாட்பாரத்தைப் பார்த்த நான் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். அங்கே நிற்கும் துரைராஜ், பஞ்சாட்சரத்தின் உயரத்தைத் தொட்டிருந்தார். போதாததற்குக் கூட்டத்தைவிட்டு முன்னால் வந்து, பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்றிருந்தார். அக்காவும் பார்த்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

ரயில் பாலம் தாண்டி வந்தது. மேஜை லேசாக அதிர்ந்தது. பிளாட்பாரத்துத் துரைராஜ் ஓர் ஆட்டம் ஆடினார், அப்படியே குப்புறத் தண்டவாளத்தில் விழுந்தார். எஞ்சின் அவரைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த் தடம் புரண்டது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

"ஐயோ, ஒரு அங்கிள் செத்துட்டாரு!" என்று ஒரு குட்டிப் பெண் வீறிட்டாள்.

"தலைவரு வுழுந்துட்டாரு!" என்று பஞ்சாட்சரம் அலறியதில் பாதிக் கூட்டம் ஸ்டூலைப் பிடிக்க ஓடிவந்தது.

நான் சடலத்தை எடுத்தேன். தலையைக் காணோம், கடுகு எங்கேயோ உருண்டுவிட்டது. காலடியில் ஏதோ ஒட்டியிருந்தது. மஞ்சள் அட்டை, மூன்றாக மடித்து, பொடிசாக வெட்டி ஒட்டியிருந்தது. என் கடை அட்டை எனக்குத் தெரியாதா? பிரித்தேன். உள்ளே 'நஸ்' என்று இரண்டு எழுத்து இருந்தது.

அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்தார்.

"கார்டு வீணாப் போவுதேன்னுதான்..." என்றார் துரைராஜ் அண்ணன்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. போன வருஷம் பாய் ஒரு கூட்ஸ் வண்டியைப் பாலத்திலிருந்து கவிழ்த்தபோது அண்ணனே கொண்டுவந்தது: ரயிலைக் கவிழ்த்தவர் விசாரணை முடியும்வரை கன்ட்ரோலரைத் தொடக் கூடாது. இப்போது கவிழ்த்தவரும் அவர், அடிபட்டவரும் அவர், விசாரிக்க வேண்டியவரும் அவர். எட்டுப் பேரும் அவர் மடியையே பார்த்தோம். எட்டுப் பேருக்கும் வாயில் எச்சில் ஊறியது, எனக்கும்தான்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஊசியும் ஒரு சின்ன டப்பாவும் எடுத்தார். பொம்மையின் காலில் ஒட்டியிருந்த அட்டையைச் சுரண்டி எறிந்தார், கம்பியை நிமிர்த்தினார், புதுக் கடுகு ஒன்று வைத்தார், கசங்கிய சட்டையை ஊசி முனையால் நீவிவிட்டார். பழைய அளவில், பழைய இடத்தில், பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் நிற்க வைத்தார். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரிதான் செய்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த துரைராஜ் அண்ணனின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவரை எத்தனை திட்டியிருந்தாலும் அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அவர் ஸ்டூலைவிட்டு இறங்கினார். ஐந்தடி நாலங்குலம், குதிகால் தரையில். கன்ட்ரோலரை நீட்டினார்.

"ஓட்டும்மா."

"மெம்பர் மட்டும்தானேண்ணே ஓட்டலாம்?"

"அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம், புள்ளைங்க காத்திருக்குதுங்க."

"மொதல்ல கையெழுத்து."

என் பையில் எப்போதும் நாலு கார்டு இருக்கும். அண்ணன் என் முதுகில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் மற்றவர்கள் எஞ்சினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள். அக்கா மை காயும்வரை ஊதி, கார்டைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினார். பாய் பச்சைக் கொடியை ஆட்டினார்.

திருகு மெல்லத் திரும்பியது. ரயில் நகர்ந்தது. அக்காவின் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியாது, எழுதத் தெரிந்தவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை. ரயில் பாலம் தாண்டியது. "ஸ்டேஷன் வருது நஸ்ரு, கொற, கொற" என்றார் பாய். அக்கா குறைக்கவில்லை. பிளாட்பாரத்தில் வரிசையாகக் காத்து நின்ற எங்கள் ஒன்பது பேர் முன்னாலும் ரயில் நிற்காமல் போய்விட்டது.

"ஏம்மா, ஸ்டேஷன்ல நிறுத்தணும்மா!" என்று கத்தினார் துரைராஜ் அண்ணன்.

"ரெண்டு வருசம் நான் நின்னேன்லண்ணே?" என்றார் அக்கா, ரயிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க ரெண்டு ரவுண்டு நில்லுங்க."