எல்லை தாண்டிய அடும்பங்கொடி

கடலோரத்தில் வீடு கட்டிக் குடிவந்ததும் பஸ் டிரைவர் செய்த முதல் காரியம், வாசலில் புல்தரை போட்டதுதான். பாய் மாதிரிச் சுருட்டி லாரியில் வந்து இறங்கிய புல். காலையும் மாலையும் குழாயும் கையுமாக நின்றார். மணல் மடக் மடக்கென்று குடித்ததே தவிர, புல்லுக்கு ஒரு வாய் விடவில்லை. கோடை முற்றுவதற்குள் தரை பழைய மிதியடி நிறத்துக்கு வந்துவிட்டது.

அவர் மனைவி தையல்காரி. "இந்த உடம்புக்கு இந்தத் துணி ஒத்துவராதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடற்கரைச் சாலையோரம், யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஊதாப் பூ பூத்துக் கிடந்தது அடும்பங்கொடி. அதில் நாலு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள்.

"ரோட்டோரக் குப்பைய எதுக்குக் கொண்டாந்தே?"

"பாதி வாசல் உங்களுது, பாதி என்னுது. எது நிக்குதுன்னு பாத்துருவோம்."

நடுவில் எலாஸ்டிக் நாடாவை இழுத்துக் கட்டினாள். ஆனால் அவளுக்கும் கை சும்மா இருக்கவில்லை. பாசம் பொங்கி, எருவைக் கொட்டி, வேளாவேளைக்குத் தண்ணீரும் ஊற்றியதில் கொடி அழுகிப்போயிற்று. டிரைவர் அன்று ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார்.

மறுபடி நட்டாள். வேர் பிடிக்கும்வரை நனைத்துவிட்டு, அப்புறம் மெஷினே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். மழை பொய்த்தது. குழாயில் தண்ணீர் குறைந்தது. புல் கையை விரித்துவிட்டது. கொடியோ நாடாவைத் தாண்டியது.

"உன் கொடி என் எல்லைக்குள்ள வந்திருக்கு!"

"டிக்கெட் எடுக்காதவங்கள இறக்கிவிடுற மாதிரி இறக்கிவிடுங்களேன்."

அவர் குனிந்து இழுத்தார். கணுவுக்குக் கணு வேர். மணலை விடாப்பிடியாகப் பிடித்திருந்தது. விட்டுவிட்டு எழுந்தவர், பூவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த வாரம் அவருடைய அக்கா வந்தாள். "தம்பி, வாசல் என்னமா இருக்கு! யாரு யோசனை?"

"எங்க யோசனைதான்க்கா" என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

தையல்காரி கையிலிருந்த நூலைப் படக்கென்று கடித்தாள்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்தவரின் கையெல்லாம் கீறல். தோளில் ஒரு சாக்கு. உள்ளே ஊசி ஊசியாகப் புல்.

"இது என்னங்க?"

"இராவணன் மீசை. டெப்போ பின்னாடி மணல்மேட்டுல கெடந்துச்சு. மழையே இல்லாட்டியும் தாங்குமாம்."

அவள் சாக்கைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "வேலியோரமா நடுங்க. வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஒரு மீசை குத்துது."

டிரைவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுக்கப் போனார்.