ருக்குவின் நிறம்

தில்லி ஓக்லாவில் அச்சு பிளேட் செய்யும் எங்கள் யூனிட்டுக்கு யார் என்ன படம் கொண்டுவந்தாலும் அது முதலில் காந்திமதியின் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். மசாலா, சிப்ஸ், சோப்புத்தூள் என்று எந்தப் பையும் அச்சாவதற்கு முன் அவள் கைபட்டாக வேண்டும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அச்சுத்தொழிலில் டிப்ளமா படித்தவள். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே "இது நிக்காது" என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்டாலே எங்கள் முதலாளி ஆர்டர் போய்விடுமே என்று ஓடிவருவார். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவள் சும்மா சொல்வதில்லை. பிளாஸ்டிக் பைக்கு அச்சடிக்கும் பிளேட் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். படம் முழுக்கப் புள்ளிகள். வெளிர் நிறத்துக்குப் புள்ளி ரொம்பச் சின்னது. மெஷின் ஓடும்போது அது நிற்காது, அந்த இடம் வெள்ளையாகிவிடும். எது நிற்கும், எது போகும் என்று முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்வதுதான் அவள் வேலை.

போன வருஷம் மகாதேவன் சார் வந்தார். மத்திய அரசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ருக்கு ஆர்.கே.புரத்தில் வீட்டிலேயே பருப்புப்பொடி அரைத்து விற்றவள். அவள் போனபின் மகள் சுஷ்மா அதை விடாமல் எடுத்து நடத்துகிறாள். பையில் ருக்குவின் முகம் வேண்டும், தலைதிவசத்துக்குள் வேண்டும். சார் கேட்டது அவ்வளவுதான்.

அவர் கொடுத்த போட்டோவில் முகம் பளபளவென்று வெளுத்திருந்தது. காந்திமதி "இது நிக்காது" என்றாள். சார் கேட்கவில்லை. ஓட்டிக் காட்டினோம். கன்னத்திலும் நெற்றியிலும் தேமல் படர்ந்த மாதிரி வந்தது. முகம் முழுக்க நிற்கிற அளவுக்கு ஒரே மாதிரிப் புள்ளி கொடுத்து இன்னொரு பிளேட் போட்டாள். தேமல் போனது, ஆனால் முகத்தில் களையே இல்லை. சார் பார்க்கமாட்டாமல் திரும்பிக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நெஜமாவே அவங்க இவ்வளவு செவப்பா சார்?" என்று கேட்டாள் காந்திமதி.

"இல்லை. கறுப்புன்னே சொல்லணும்."

"அப்ப அந்த நிறத்துல ஒரு போட்டோ குடுங்க. புள்ளி பெருசா விழும், நிக்கும்."

கூட வந்திருந்த சுஷ்மாதான் பதில் சொன்னாள். "அப்படி ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. எல்லாமே டச்சப் பண்ணி வெளுத்ததுதான். கொஞ்சம் கோரா பண்ணிடு, வெளுப்பாக்கிடுன்னு ஸ்டூடியோக்காரர்கிட்ட அப்பாதான் சொல்லுவார்."

சார் மகளின் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த நிறம்தான்" என்றார்.

சுஷ்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் காந்திமதி சாயங்காலம் வரை முகத்துக்கு நிறம் ஏற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார் நடுநடுவே, "இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்றார்.

அடுத்த வாரம் மாதிரிப் பை மெஷினிலிருந்து வந்தது. கன்னம், நெற்றி எல்லாம் நின்றிருந்தது. நல்ல கறுப்பில் ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சுஷ்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மாக்கு இது பிடிச்சிருக்காதுப்பா" என்றாள்.

"பிடிச்சிருக்காதுதான்" என்றார் சார். "அவ நிறம் அவளுக்கே பிடிக்காம பண்ணினது நான்தானே."

காந்திமதி பேனாவை நீட்டினாள். அச்சடிக்கச் சம்மதம் என்று பையிலேயே கையெழுத்துப் போட வேண்டும். ருக்குவின் முகத்தில் மை படாமல் சார் ஓரமாகப் போட்டார்.